முகாம் முடிந்தவுடன் பந்தயமா, ஒரு வருடம் பொறுப்பதா?

கேள்வி: மே 3, மாலை 6.10

மகளுக்குப் பத்து வயது. பாய்மரப் படகு கிளப் ஒன்றில் இரண்டு வாரக் கோடை முகாமுக்குப் போய்வந்தாள். ஆப்டிமிஸ்ட் படகை (பிள்ளைகள் ஒருவராக ஓட்டும் சிறிய பாய்மரப் படகு) தனியாக ஓட்டத் தொடங்கி நான்கு நாள்தான் ஆகிறது. அதற்குள் பயிற்சியாளர், அடுத்த மாதக் கிளப் பந்தயத்தில் இறங்கட்டும் என்கிறார். ஒரு வருடமாவது நன்றாகப் பழகிவிட்டு அனுப்புவதுதான் முறை என்று நினைக்கிறேன். பிஞ்சு வயதில் முதலிடம், கடைசி இடம் என்ற கவலை எதற்கு? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மே 3, இரவு 9.40

பொறுங்கள். நான்கு நாளில் பந்தயம் என்பது அவசரம். கவிழ்ந்த படகைத் தானே நிமிர்த்தத் தெரிய வேண்டும். காற்று எந்தப் பக்கம் வருகிறது என்பது யோசிக்காமலே தெரிய வேண்டும். அதற்கு ஒரு பருவமாவது ஆகும். என் பிள்ளைகள் இருவரும் இப்படித்தான் வந்தார்கள். பந்தய நாள்களில் நடுவர் படகில் உட்கார்ந்து முடிவுக் கோட்டைக் கடக்கும் பாய்களின் எண்களைக் குறிப்பது எட்டு வருடமாக என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மே 4, காலை 6.15

இரவு எழுதியதைக் காலையில் படித்தால் பாதி தவறு. "இருவரும் இப்படித்தான் வந்தார்கள்" என்பது முழுத் தவறு.

பொறுக்க வைத்தது மூத்தவனை மட்டும். முகாம் முடிந்து ஒரு வருடம், ஞாயிறுதோறும் இரண்டு மிதவைகளைச் சுற்றிச் செக்குமாடு மாதிரி எட்டு போட்டுக்கொண்டிருந்தான். பாயை எவ்வளவு இழுப்பது, எவ்வளவு விடுவது என்பதற்கு அவனிடம் எந்த அளவுகோலும் இல்லை. பக்கத்தில் இன்னொரு படகு போனால்தானே நம் படகு மந்தமாகப் போவது தெரியும்? பன்னிரண்டு வயதில் அலுத்துவிட்டது என்று சொல்லி நிறுத்திவிட்டான். நான்தான் அலுக்க வைத்தேன் என்பது எனக்குப் புரிய இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று.

இளையவள் பந்தயத்தில் இறங்கியது தற்செயல். அவளுக்கு முகாம் முடிந்து மூன்றாவது வாரம். அண்ணனை அழைத்துவரப் போயிருந்தோம். படகு எண்ணிக்கை குறைகிறது என்று பயிற்சியாளர் அவளையும் ஏற்றி அனுப்பிவிட்டார். நான் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் தொடக்கக் கோட்டருகே நிற்கிறாள். கொம்பு ஊதியதும் எல்லாரும் காற்றை நோக்கி ஏற, இவள் படகு மட்டும் பாய் படபடக்கப் பின்னோக்கி நகர்ந்தது. மற்றவர்கள் கரைக்கு வந்து படகைக் கழுவி முடிக்கும் வேளையில் இவள் கடைசி மிதவையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆறுதல் வார்த்தைகளைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். வந்தவள் கேட்டது இது: "அந்த நீலப் படகு எல்லாரையும் விட்டு இடது பக்கம் தனியாகப் போயிற்றே, அது எப்படி முன்னால் வந்தது?"

மூத்தவன் ஒரு வருடத்தில் கேட்காத கேள்வி.

ஆகவே திருத்திக்கொள்கிறேன். அனுப்புங்கள். அதற்கு முன் கிளப்பில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. வேலைக்கு நேரமாகிறது, இரவு எழுதுகிறேன்.

மே 4, இரவு 10.05

முதலில் கேட்க வேண்டியது, முகாமில் படகை வேண்டுமென்றே கவிழ்க்க வைத்தார்களா, எத்தனை முறை என்பது. "இதுவரை ஒரு பிள்ளைகூடக் கவிழ்ந்ததில்லை" என்று பெருமையாகச் சொல்லும் முகாமை நான் நம்பமாட்டேன். அங்கே கவிழ்ப்பது எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளை பந்தயத்தின் நடுவில்தான் தெரிந்துகொள்ளும்.

ஆப்டிமிஸ்டுக்குள் மூன்று காற்றுப் பைகள் கட்டியிருப்பார்கள். அதனால் கவிழ்ந்தாலும் மூழ்காது. பிள்ளை செய்ய வேண்டியது: படகைச் சுற்றி நீந்திப் போய், அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையைப் பிடித்து, உடல் எடையை அதில் போட்டுப் பின்னால் சாய வேண்டும். பாய் தண்ணீரிலிருந்து மெதுவாக உரிந்து எழும்பும். அப்படியே ஏறி உள்ளே விழ வேண்டும். நிமிர்ந்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாற்றம். படகு தொட்டி மாதிரி நிறைந்திருக்கும். குவளையால் இறைத்துக் கொட்ட வேண்டும், அதற்குள் காற்று இன்னொரு முறை கவிழ்க்கப் பார்க்கும். என் மகளுக்கு இறைத்து முடிக்க முதலில் பத்து நிமிடம் ஆயிற்று.

பாய்க்கு அடியில் மாட்டிக்கொள்வோமோ என்பதுதான் பெரும்பாலான பிள்ளைகளின் பயம். அவர்கள் அதை வெளியே சொல்வதில்லை, "வயிறு வலிக்கிறது" என்பார்கள். கையை மேலே உயர்த்திப் பாயைத் தள்ளினால் மூச்சுவிட இடம் கிடைக்கும், பாயின் தையலைத் தடவிக்கொண்டே ஒரே திசையில் போனால் ஓரம் வந்துவிடும். இதை ஆழமில்லாத இடத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, இரண்டு முறை செய்து பார்த்த பிள்ளைக்கு வயிற்று வலி வருவதில்லை.

படகை விட்டுவிட்டுக் கரையை நோக்கி நீந்தக் கூடாது. நீச்சலில் பதக்கம் வாங்கிய பிள்ளையும் நீந்தக் கூடாது. கவிழ்ந்த படகு தூரத்திலிருந்தே கண்ணில் படும், அலைக்கு நடுவே ஒரு தலை படாது.

மே 5, பிற்பகல் 1.20

மேலே ஒருவர், பந்தயம் என்றால் மோதல்தானே, ஆபத்துதானே என்று கேட்கிறார். சும்மா சுற்றும் படகுகள்தான் அதிகம் மோதுகின்றன. பந்தயத்தில் யார் விலக வேண்டும் என்பது எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டு படகுகள் எதிரும் புதிருமாக வந்தால், வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கு வழி. அதுதான் ஸ்டார்போர்ட். இடப்பக்கத்திலிருந்து வாங்குகிற போர்ட் படகு விலக வேண்டும். ஒரே பக்கக் காற்றில் இணையாகப் போனால், காற்று வரும் பக்கம் இருப்பவர் விலக வேண்டும். பின்னால் வருபவர் முன்னால் போகிறவரை இடிக்கக் கூடாது. மிதவைக்கு மூன்று படகு நீளத்துக்குள் வந்துவிட்டால் உள்பக்கம் இருப்பவருக்குச் சுற்ற இடம் விட வேண்டும். ஆப்டிமிஸ்டின் நீளம் சுமார் 2.3 மீட்டர், ஆக சுமார் ஏழு மீட்டர். தவறு செய்தவர் விலகிப் போய் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும், மிதவையைத் தொட்டால் ஒரு சுற்று. யாரும் விசில் ஊதுவதில்லை, தானே ஒப்புக்கொண்டு சுற்ற வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை, யாருமே பார்க்காத மிதவையைத் தொட்டுவிட்டு ஒரு சுற்று சுற்றுவதை நடுவர் படகிலிருந்து பார்த்திருக்கிறேன். பெரியவர்களின் பந்தயத்தில் இது சற்று அபூர்வம்.

மே 5, பிற்பகல் 1.45

இணைப்பு: என் மகள் முதல் ஒரு மாதம் எந்தப் பக்கம் காற்று வந்தாலும் "ஸ்டார்போர்ட்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். எதிரே வந்த பெரிய பையன்கள் குழம்பி விலகிப் போனார்கள். வீட்டில் அண்ணன் குளியலறைக் கதவருகே வந்தாலும் அதே கத்தல்.

மே 6, இரவு 9.15

தொடக்கம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஐந்து, நான்கு, ஒன்று, தொடக்கம். ஐந்து நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி, அதாவது அந்தப் படகு வகைக்குரிய கொடி, ஏறும். நான்கில் நீலத்துக்கு நடுவே வெள்ளைச் சதுரம் கொண்ட கொடி ஏறும். ஒரு நிமிடம் இருக்கும்போது அது இறங்கும். வகுப்புக் கொடி இறங்கினால் புறப்பாடு. கொம்பும் ஊதுவோம், ஆனால் கணக்கு கொடிக்குத்தான். கொம்பு ஊதவே இல்லை என்றாலும் கொடி இறங்கினால் இறங்கியதுதான். காதை நம்பும் பிள்ளைகள் எப்போதும் ஒரு விநாடி தாமதம்.

படகுக்கு பிரேக் இல்லை என்பது இங்கேதான் உறைக்கும். கோட்டுக்கு முன்பே வந்துவிட்டால் பாயை விட்டு நிற்க வேண்டும், நின்றால் காற்று பக்கவாட்டில் தள்ளும், தள்ளினால் பக்கத்துப் படகு கத்தும். முந்திக் கடந்தால் நீலச் சிலுவைக் கொடி ஏற்றி ஒரு முறை கொம்பு ஊதுவோம், திரும்பி வந்து மறுபடி கடக்க வேண்டும். முகாமில் இதைக் கரையிலேயே நடத்துவார்கள். தரையில் கோடு கிழித்து, பிள்ளைகளைப் படகு மாதிரி நடக்கவிட்டு, கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு. பார்க்க வேடிக்கையாக இருக்கும். நானும் ஒரு முறை நடந்தேன், 20 விநாடி முந்திக் கடந்தேன்.

மே 7, காலை 7.00

மதிப்பெண் முறை உங்கள் கவலைக்கு நேரடிப் பதில். முதலாவது வந்தால் 1, இரண்டாவது 2, அப்படியே போகும். குறைந்த கூட்டுத்தொகை வென்றது. தொடரில் பல பந்தயங்கள் இருக்கும், ஆக மோசமான ஒன்றைப் பெரும்பாலும் கழித்துவிடுவார்கள். ஓடி முடிக்காதவருக்கு அன்று புறப்பட்ட படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டுவார்கள். அன்று 14 படகு என்றால் கடைசியாக வந்தவருக்கு 14, பாதியில் கரை திரும்பியவருக்கு 15. பெரிய வித்தியாசம் இல்லை, பிள்ளை களைத்துப்போனால் திரும்பட்டும்.

மே 7, இரவு 8.30

காலையில் எழுதியது தவறு. எட்டு வருடமாக எண் குறிப்பவர் எழுதக் கூடாத தவறு. முடிக்காதவருக்குக் கூட்டுவது, வழக்கமான தொடர் விதியில், அன்று புறப்பட்டவர்களின் எண்ணிக்கை அல்ல, தொடருக்குப் பெயர் கொடுத்தவர்களின் எண்ணிக்கை. 18 பேர் பெயர் கொடுத்து 14 பேர் அன்று வந்திருந்தால், கடைசியாக முடித்தவளுக்கு 14, திரும்பியவளுக்கு 19. ஐந்து புள்ளி வித்தியாசம். அதனால்தான் மகளின் பயிற்சியாளர், எல்லாரும் போய்விட்டாலும் முடித்துவிட்டு வா என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்வார். களைத்தால் திரும்பட்டும் என்று நான் எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். உண்மையிலேயே உடம்பு முடியாவிட்டால் திரும்பட்டும், வெட்கத்துக்காகத் திரும்ப வேண்டாம்.

மே 9, இரவு 11.10

"நாங்கள் கரையில் நின்று வழிகாட்டலாமா?" என்று ஒரு தந்தை கேட்டிருக்கிறார். இதை நான் எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

மகளுக்கு அப்போது பதினொரு வயது. அன்று எனக்கு நடுவர் படகில் வேலை இல்லை, படகுத்துறையின் முனையில் தொலைநோக்கியோடு நின்றேன். கடைசிச் சுற்று. வலப்பக்கத் தண்ணீரில் கருமையாகக் காற்று இறங்குவது தெரிகிறது. அவளுக்குத் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியது. தொண்டை கிழியக் கத்தினேன், வலப்பக்கம் போ என்று. போனாள். மூன்று படகுகளை முந்தினாள். நான் துள்ளாத குறை.

கரைக்கு வந்ததும் ஒரு பையன், அவனுக்கும் பதினொரு வயதுதான் இருக்கும், எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிட்டான். வெளியிலிருந்து உதவி பெறக் கூடாது என்பது பந்தய விதிகளில் 41ஆவது. விசாரணை அறையில் மேசைமேல் பொம்மைப் படகுகள், எதிரே மூன்று பெரியவர்கள். அவன் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. என்ன கேட்டது, எப்போது கேட்டது, அப்போது படகு எங்கே இருந்தது என்று மட்டும் சொன்னான். என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். கத்தினேன் என்று ஒப்புக்கொண்டேன். அந்தப் பந்தயத்தில் அவள் தகுதி நீக்கம். 15 பேர் தொடர், அவளுக்கு 16 புள்ளி.

வண்டியில் வரும்போது வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் வலப்பக்கம்தான் போக இருந்தேன்" என்றாள்.

இன்று வரை அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாதாம், அதுதான் கோபம் என்றாள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. விதிப் புத்தகத்தின் சொல் விளக்கத்தில், போட்டியாளருக்குத் துணை நிற்பவர் யார் என்ற இடத்தில் பயிற்சியாளரோடு பெற்றோரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். நாம் செய்யும் தவறுக்குப் பிள்ளையின் படகைத் தண்டிக்கவும் வழி உண்டு. கேள்வி கேட்டவருக்கு: முதலிடம், கடைசி இடம் என்ற கவலை பிஞ்சு வயதுக்கு எதற்கு என்றீர்கள். அந்தக் கவலை இருந்தது படகுத்துறையில், தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டு. என் கதையில் அப்படித்தான். தொலைநோக்கியை அந்த வாரமே கிளப்புக்குக் கொடுத்துவிட்டேன். நடுவர் படகில் இப்போது அதை வைத்துத்தான் பாய் எண் பார்க்கிறேன்.

மே 10, காலை 6.40

படகு வாங்க வேண்டாம். முதல் வருடம் கிளப் படகு போதும். வயதுக்கு ஏற்ற, உடம்போடு ஒட்டி நிற்கும் மிதவை அங்கி, அதில் கட்டிய விசில், ஒரு கைக்கடிகாரம், வழுக்காத பழைய காலணி. அவ்வளவுதான்.

ஆப்டிமிஸ்ட் தோன்றியதே மலிவாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். 1947இல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் என்ற படகு கட்டுபவர், இரண்டு ஒட்டுப்பலகையில் முடியுமாறு வரைந்தார். மூக்கு சப்பையாக இருப்பதற்குப் பலகையின் நீளம்தான் காரணம் என்பார்கள். வெறும் படகு 35 கிலோ. வகுப்பு விதிப்படி 15 வயது நிறையும் ஆண்டு வரை ஓட்டலாம், ஆனால் பிள்ளை அதற்கு முன்பே வளர்ந்துவிடும், முழங்கால் தாடையில் இடிக்கும். அடுத்தது பெரும்பாலும் ஐஎல்சிஏ 4 என்ற சற்றுப் பெரிய ஒற்றையாள் படகு. நம் காலத்தில் லேசர் என்று சொன்ன அதே படகுதான், பாய் மட்டும் சிறியது, 4.7 சதுர மீட்டர். பிறகு அதே உடலில் 6, 7 என்று பாயை மாற்றிக்கொண்டே போகலாம். 7தான் ஒலிம்பிக்கில் ஆண்கள் ஓட்டுவது, 6 பெண்கள் ஓட்டுவது.

முகாம் என்பது விடுமுறைப் பொழுதுபோக்கு, அதிலிருந்து யாரும் எங்கும் போவதில்லை என்று எழுதிய நண்பருக்கு: டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டிய நேத்ரா குமணன் கோடை முகாமில்தான் தொடங்கினார். இதை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையிடம் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்.

மே 12, இரவு 9.50

காற்று பற்றி எழுதாமல் விட்டது என் பிழை. இதற்குத்தான் பயிற்சியாளரிடம் முகம் சுளிக்கும்வரை கேள்வி கேட்க வேண்டும்.

காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின் மீதுள்ள விசை நான்கு மடங்காகும். 8 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) காற்றில் சிரித்துக்கொண்டு ஓட்டும் பிள்ளை 16 நாட்டில் அழுவதற்கு இதுதான் காரணம், கோழைத்தனம் அல்ல. எத்தனை நாட் வந்தால் புதியவர்களைக் கரையேற்றுவார்கள் என்று கேளுங்கள். எண் சொல்ல வேண்டும். "பார்த்துக்கொள்வோம்" என்பது பதில் இல்லை.

அதைவிட ஏமாற்றுவது கரையிலிருந்து தண்ணீரை நோக்கி வீசும் காற்று. மரங்களும் கட்டடங்களும் மறைப்பதால் கரையோரம் குளம் மாதிரி அமைதியாக இருக்கும். 200 மீட்டர் போனால் அறையும், அறைந்து வெளியேதான் தள்ளும். வேறொரு கிளப்பில் மூத்தவனின் முதல் முகாமின்போது இப்படி ஒரு காலையில் பன்னிரண்டு பிள்ளைகளை ஒரே ஒரு மீட்புப் படகோடு அனுப்பினார்கள். நாலு படகு கவிழ்ந்து தள்ளப்பட்டது. மீட்புப் படகு ஒன்றை இழுத்துவரும்போது மற்ற மூன்றும் இன்னும் தூரம் போயின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, மீனவர் ஒருவர் இரண்டு பிள்ளைகளைத் தன் படகில் ஏற்றி வந்தார். கிளப்பில் கேட்டதற்கு, "எல்லாரும் வந்துவிட்டார்கள் அல்லவா" என்றார்கள். வந்த பிறகு என்ன கேட்பது என்று நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

இப்போதைய கிளப்பில் ஆணிப் பலகை இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் வில்லை. தண்ணீரில் இறங்கும்போது எடுத்துப் போக வேண்டும், கரையேறியதும் மாட்ட வேண்டும். போன வருடம் ஒரு மாலை 11ஆம் எண் ஆணி காலி. இரண்டு மீட்புப் படகுகளும் திரும்பப் போய்விட்டன. அரை மணி நேரம். பையன் உடை மாற்றும் அறையில், வில்லையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எல்லாரும் யாரைத் தேடுகிறார்கள் என்று ஆர்வமாக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் திட்டவில்லை. பலகை வேலை செய்கிறது என்றுதான் சொன்னார்கள்.

மே 13, காலை 6.05

மூத்தவன் என்ன ஆனான் என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். பதினாறு வயதில் தானாகத் திரும்பி வந்தான், படகு ஓட்ட அல்ல. மீட்புப் படகில் உதவியாள். மிதவை போடுவது, நங்கூரம் தூக்குவது, அழும் பிள்ளைக்குத் துவாலை கொடுப்பது. பந்தயத்துக்கு வா என்று நான் ஒரு முறை சொன்னேன், தங்கை முறைத்தாள், அத்துடன் விட்டுவிட்டேன்.

ஜூன் 15, இரவு 8.20

கேள்வி கேட்டவர் இன்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். 17 படகில் 16, இரண்டாவது பந்தயத்தில் கவிழ்ந்து நிமிர்ந்து 17, மூன்றாவதில் 14. நீங்கள் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தீர்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய செய்தி.

குவளை மிதந்து போய்விட்டது, கையால் இறைத்தாள் என்கிறீர்கள். குவளையைக் கயிற்றால் படகோடு கட்டியிருக்க வேண்டும் என்பது வகுப்பு விதி, அதைப் பரிசோதிக்காமல் அனுப்பியவரை ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளைக்குப் போலைன் என்ற கண்ணி முடிச்சு சொல்லிக்கொடுங்கள், சாதாரண முடிச்சு ஈரத்தில் நழுவிவிடும். எங்கள் கிளப்பில் மூத்தவன் மீட்டு வந்து யாரும் கேட்காத குவளைகள் ஒன்பது, படகுக் கொட்டகையில் அடுக்கியிருக்கின்றன. ஒன்றிலும் பெயர் இல்லை. புதியதில் எழுதிவிடுங்கள், அழியாத மையில்.